அவரைக்கு நட்ட பச்சைக் கம்பு

நேற்று முன்தினம் காலை தபால்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, சுளகை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பாதி அரிசி தரையில்.

கடிதம் எனக்கு வந்தது. விருதுநகர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ‘வீட்டில் அவரைக்கொடி போட்டிருப்பதாக ஆடி மாதம் பத்திரிகையில் எழுதினீர்களே, பந்தல் போட்டாயிற்றா? காய் எத்தனை கூடை?’ என்று கேட்டிருந்தார். நல்ல மனிதர், அக்கறையாகத்தான் கேட்கிறார். எனக்கோ அவர்மீது கோபம் கோபமாக வந்தது. என் மனைவி அந்த உறையைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டிய விதத்தை அவர் பார்க்கவில்லையே!

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகன் ராசு, பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனவன். சிங்கப்பூரிலிருந்து இரண்டு கடிதம் போட்டான். அப்புறம் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று... கடிதமும் நின்றது. இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மிலிடரி ஆபீசுக்கு நான் எழுதாத கடிதமில்லை. பதில் எப்போதும் ஒன்றுதான் – தகவல் இல்லை.

அதன் பிறகு என் மனைவி என்னிடம் எதையும் கேட்டதில்லை. புடவை கேட்கவில்லை, கோவிலுக்குப் போகலாம் என்று கேட்கவில்லை. போன ஆடியில்தான் முதல் தடவையாக வாய் திறந்தாள். துணியில் முடிந்து வைத்திருந்த அவரை விதையை என் முன்னால் வைத்தாள். ராசுவுக்கு அவரைக்காய் போட்ட புளிக்குழம்பு என்றால் உயிர்.

“பாத்தி கட்டிக் குடுங்க. அவன் வரும்போது வீட்டுல காய் இருக்கணும்” என்றாள்.

கட்டாமல் இருக்க முடியுமா? நாங்கள் இருப்பது செல்லூரில். சந்தில் ஓடும் சாயத் தண்ணீர் ஊறி ஊறி, கொல்லை மண் உப்பேறிக் கிடக்கிறது. தரையில் புல்கூட முளைக்காது. அதனால் உடைந்த செங்கல்லை முழங்கால் உயரத்துக்கு அடுக்கி, கண்மாய்க் கரம்பை மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, ஒரு மேட்டுப் பாத்தி கட்டினேன். ஆறு முழ நீளம், மூன்று முழ அகலம். ஆபீசில் பேனா பிடிக்கிற கைக்கு அதுவே பெரிய சாகுபடி.

விதை எட்டும் முளைத்தன. ஆவணியில் கொடி வீசி, பிடிக்க ஒன்றுமில்லாமல் காற்றில் துழாவ ஆரம்பித்தது. மூங்கில் தேடி மரக்கடை மரக்கடையாக அலைந்தேன். யுத்த காலத்தில் மூங்கிலா? எல்லாம் மிலிடரிக்குப் போய்விட்டதாம். என் மனைவியோ கொடியைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

என்னோடு வேலை பார்க்கும் சங்கையாவுக்கு வில்லாபுரம் பக்கம் தோட்டம் இருக்கிறது. வேலியில் கிளுவை மண்டிக் கிடக்கிறது, வேண்டுமட்டும் வெட்டிக்கொள்ளுங்கள் என்றார். கூடவே ஒன்று சொன்னார்:

“அண்ணே, கம்பை நல்லாக் காயப் போட்டுட்டு நடுங்க. பச்சையா நட்டா அது பந்தலா இருக்காது, வேலியாயிரும்.”

நான் காயப் போட்டேனா? இல்லை. காய்வதற்குப் பதினைந்து நாள் ஆகும். அவள் முகத்தைப் பதினைந்து நாள் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அன்றைக்கே பாத்தியின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு நான்காகக் கம்பை ஊன்றினேன். உச்சியில் எதிரெதிர்க் கம்புகளைச் சேர்த்துக் கட்டினேன். பக்கத்துத் தறிக்காரர் கொடுத்த கழிவு நூலை முறுக்கிக் குறுக்கே வலையாகப் பின்னினேன். கொடி நாலே நாளில் நூலைப் பிடித்துக்கொண்டது. என் மனைவி அதைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். சரி, வெற்றிதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் கம்பின் கணுக்களில் பச்சை தெரிந்தது. ஐப்பசி மழைக்குக் கம்பு தளதளவென்று இலை விட்டது. கார்த்திகையில் அவரை மஞ்சளாயிற்று. பூத்த பூவெல்லாம் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தது. தண்ணீர் ஊற்றினேன், சாம்பல் தூவினேன், பயனில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கையாவை அழைத்து வந்து காட்டினேன். அவர் பாத்தியில் விரலை விட்டுக் கிளறினார். நார் நாராக வேர் வந்தது.

“மண்ணு பூராம் கிளுவை வேருதேன். அம்புட்டு உரத்தையும் இது தின்னுருச்சு. இன்னைக்கே புடுங்கினா கொடி பொழைக்கும். நான் போயி காஞ்ச பருத்திமார்க் குச்சி கட்டிக்கிட்டு வாரேன்” என்றார்.

அவர் போன கையோடு நான் கடப்பாரையை எடுத்தேன். முதல் கம்பின் அடியில் வைத்தேன். அப்போது என் மனைவி வந்து, இலை விட்டிருந்த அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாங்க” என்றாள். “வேரு இல்ல, எலை இல்ல, எங்கேயோ வெட்டி எடுத்துட்டு வந்தீங்க. இதுவே பொழைச்சிருச்சு. நம்ம புள்ள பொழைக்காமப் போயிருவானா?”

அவரை செத்துப்போகுமே என்றேன். போகட்டும் என்றாள். அவனுக்காகத்தானே அவரை போட்டாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

என் மனைவி இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ராசு வருவான் என்ற நம்பிக்கை எனக்குப் போய் வெகு நாளாயிற்று. தபால்காரர் மணி அடிக்கும்போது அவள் வாசலுக்கு ஓடுகிறாள். நான் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், வந்திருக்கிற செய்தி எதுவாக இருந்தாலும் அதை அவள் முதலில் படித்துவிடக் கூடாதே என்று சுவாமியை வேண்டிக்கொண்டு. ஒரு தகப்பனுக்கு மிச்சமிருக்கிற வேண்டுதல் இதுதான் என்றால், இதைவிடக் கேடு உண்டா? எட்டுக் கிளுவைக் கம்புகள் அவளுக்குக் கொடுத்த ஆறுதலை, எட்டு மாதம் பேசினாலும் என்னால் கொடுத்திருக்க முடியாது. அது பொய் ஆறுதல் என்பது எனக்குத் தெரியும். கடப்பாரையைக் கொண்டுபோய் மூலையில் சாத்தினேன். பருத்திமாரோடு வந்த சங்கையா, என் முகத்தைப் பார்த்துவிட்டு, குச்சிக்கட்டை அப்படியே கொல்லையில் போட்டுவிட்டுப் போனார். அது இப்போது அடுப்புக்கு ஆகிறது.

விருதுநகர் அன்பருக்கு: பந்தல் போட்டாயிற்று ஐயா. காய் ஒன்றுகூட இல்லை, கொடி சருகாகிவிட்டது.

கம்புகள் நன்றாக இருக்கின்றன... தினமும் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.