வெள்ளைக் கட்டைக்கு அந்தப் பக்கம்

ஊரில் எல்லாருக்கும் கடற்கரை என்றால் காற்று வாங்குகிற இடம். எனக்குக் குமட்டுகிற இடம். மலாக்காவில் கடற்கரை ஓவர்சியராக இருந்து, அந்த மணலுக்காகவே மாதம் தவறாமல் சம்பளம் வாங்கி, அதிலேயே ஓய்வு பெற்றவன் இப்படிச் சொல்வது நன்றிகெட்டதனம்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் என்னென்ன மிதந்தன என்று தெரிந்தவன் அதில் காலைக்கூட நனைக்க மாட்டான்.

ஆற்றங்கரைக் கடைக்காரர்கள் அழுகிய வெங்காயத்தை மூட்டையோடு ஆற்றில் கவிழ்ப்பார்கள். இறைச்சிக்காரன் குடலைக் கொட்டுவான். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலுள்ள கோயிலில் தேங்காய் உடைத்துக் கும்பிடுகிற பெரிய மனிதர், காலையில் வீட்டை விட்டு வரும்போதே குப்பையைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துவந்து, பாலத்தில் நின்று ஆற்றில் வீசிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு சாமியைப் பார்க்கப் போவார். ஆறு அதைக் கடலுக்குக் கொடுக்கும். கடல் வைத்துக்கொள்ளாது. தண்ணீர் ஏறும்போது எல்லாவற்றையும் சுமந்துவந்து எங்கள் மணலில் போட்டுவிட்டு இறங்கிப் போகும். ஞாயிற்றுக்கிழமை அதே பெரிய மனிதர் பிள்ளைகுட்டிகளோடு குளிக்க வந்து மூக்கைப் பொத்திக்கொள்வார்.

"என்ன ஓவர்சியரே, இந்த நாத்தம் நாறுது. சம்பளம் சும்மாவா குடுக்குறாங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். வேறென்ன செய்ய?

இதில் ஒரு சட்டம் வேறு. மணலில் வரிசையாக வெள்ளையடித்த கட்டைகளை நட்டிருந்தார்கள். கட்டைக்கு மேலே, சாலைப் பக்கம் கிடப்பதெல்லாம் எங்கள் நகராட்சி ஆபீஸ் பொறுப்பு. கட்டைக்குக் கீழே, தண்ணீர்ப் பக்கம் கிடப்பது துறைமுக ஆபீஸ் பொறுப்பு. செத்த பன்றி மேலே ஒதுங்கினால் நாங்கள் புதைக்க வேண்டும், ரிப்போர்ட் எழுத வேண்டும். கீழே கிடந்தால் அவர்கள் பாடு. எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ தெரியவில்லை. எங்கள் கூலியாட்கள் காலையில் மூங்கில் கழியோடு போய், மேலே கிடப்பதைக் கீழே தள்ளிவிடுவார்கள். துறைமுகத்து ஆட்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? தண்ணீர் ஏறும்போது அதை அப்படியே மேலே ஒதுக்கிவிடுவார்கள். ஒருமுறை ஓர் எருமை நாலு நாள் இப்படிப் போய்வந்தது. ஐந்தாம் நாள் தள்ளுவதற்கு எருமையாக ஒன்றும் இல்லை.

துறைமுக ஆபீசில் கரைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட கிராணி, அதாவது குமாஸ்தா, எனக்கு அடுத்த வீட்டுக்காரன். இருவர் வீடும் காஜா பேராங் பகுதியில்தான். அவன் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்னே அங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர் வம்சம். நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் வராது. சாமி, பூசை என்று பத்துச் சொல் தெரியும். மற்றதெல்லாம் அவர்கள் வீட்டு மலாய். நானும் அவனோடு மலாயில்தான் பேசுவேன். காலையில் இருவரும் ஒன்றாகச் சைக்கிளில் வேலைக்குப் போவோம். போய் உட்கார்ந்ததும், 'தங்கள் எல்லையிலிருந்து வந்துள்ள எருமை' என்று நான் அவனுக்குக் கடிதம் எழுதுவேன். 'அவ்வெருமை தங்களுடையதே' என்று அவன் பதில் எழுதுவான். சாயங்காலம் கோப்பிக் கடையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சிரித்திருக்கிறோம் என்பதை இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது தற்காலிக ஓவர்சியர். எங்கள் துரை கப்பலேறுவதற்குள் ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் புதிதாக வருகிறவர் தயவு. கொண்டாட்டத்துக்காக எங்கள் கடற்கரையில் சம்பான் படகுப் பந்தயம் வைத்திருந்தார்கள். துரை என்னைக் கூப்பிட்டு, பந்தயம் முடிகிறவரை கட்டைக்கு மேலே ஒரு அசிங்கமும் கிடக்கக் கூடாது, ரிப்போர்ட் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறக் கூடாது என்றார். நான் தலையை ஆட்டினேன். நாய்க்கு வாலாட்ட வருகிற மாதிரி எனக்குத் தலையாட்ட நன்றாக வரும்.

பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். அவள் புருஷன் தொங்கானில் மூட்டை தூக்குகிறவன். கப்பல்கள் தூரத்தில் நிற்கும். சரக்கை இந்தத் தொங்கான் படகுகள்தான் கரைக்குக் கொண்டுவரும். முந்தின நாள் மூட்டையோடு பலகையில் சறுக்கி விழுந்தவன் மேலே வரவில்லை. கிளேபாங் வரை கரையோரமாகவே நடந்துபோய்த் தேடிவிட்டு வந்திருந்தாள். சேலையின் கீழ்ப்பாதி முழுக்கச் சேறு.

"ஐயா, கெடைச்சா ஒரு ஆள அனுப்புங்க. வலது கையில செம்புத் தாயத்து கட்டியிருப்பாரு."

"அனுப்புறேம்மா. நீ வீட்டுக்குப் போ."

"மொகத்தப் பாக்காம வீட்ல போய் எப்படி ஐயா உக்கார்றது?"

கிடைத்த நிமிஷமே சொல்லி அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த நேரத்தில் மனதாரத்தான் கொடுத்தேன்.

மறுநாள் காலை நான் போனபோது கூலியாட்கள் கழியை ஊன்றிக்கொண்டு ஓர் இடத்தில் கூடி நின்றார்கள். தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. உடம்பு கட்டைக்கு மேலே, எங்கள் பக்கம், இரண்டு முழம் உள்ளே கிடந்தது. நண்டுகள் வேலையை ஆரம்பித்திருந்தன. வலது கை வீங்கி, செம்புத் தாயத்தின் கயிறு சதைக்குள் இறங்கியிருந்தது.

ஒரு வார்த்தை போதும். போலீசுக்குச் சொல்லுங்கள், அந்தப் பெண்ணைக் கூட்டிவாருங்கள் என்றால் முடிந்தது. என் கண்ணில் நின்றது துரையின் பேனா.

"கீழ தள்ளுங்க" என்றேன்.

வயதான கூலி ஒருவர் என்னைப் பார்த்தார். "ஐயா, இது மனுசன்."

"எனக்குத் தெரியாதா? தொறமுகத்துக்கு ஆள் அனுப்புறேன். அவங்க வந்து முறைப்படி எடுத்துக்குவாங்க. தள்ளுங்க."

தள்ளினார்கள். எருமையைத் தள்ளுகிற அதே கழியால்தான். நான் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எந்தப் பக்கம் எடுத்தால் என்ன, அவளுக்குப் புருஷன் கிடைத்தால் போதாதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கிராணிக்கு ஓர் ஆளைச் சைக்கிளில் விரட்டினேன். அவளிடம் யாரையும் அனுப்பவில்லை. அவள் வந்தால் எங்கே கிடந்தது என்று கேட்பாளே.

கிராணி வேறு வேலையாகத் தொங்கான் துறைக்குப் போயிருந்தான். அவனைத் தேடிப் பிடிப்பதற்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. சேற்றில் கிடந்த உடம்பு அசைந்தது, மிதந்தது, பிறகு நீரோட்டத்தோடு மெல்ல விலகிப் போயிற்று. அங்கே சேறு முழங்காலை விழுங்கும். கூலியாட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். இறங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நான் இறங்கவும் இல்லை. பாலிஷ் போட்ட சப்பாத்தோடு கட்டைக்கு மேலே நின்றேன். போனால் போகட்டும், கடலுக்குள் போய்விட்டால் ஒரு தொல்லையும் இல்லை என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வந்ததை வரவில்லை என்று எழுதப்போவதில்லை.

கிராணி வந்து சைக்கிளை மணலில் போட்டான். எங்கள் பக்கத்திலிருந்து கீழே வரை உடம்பு இழுபட்ட தடம் பள்ளமாகக் கிடந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதை மட்டும் அவன் எழுதியிருந்தால் என் வேலை அன்றோடு போயிருக்கும். கடிகாரத்தைக் கழற்றிச் சப்பாத்துக்குள் வைத்துவிட்டு இறங்கினான். மார்பளவு தண்ணீரில் உடம்பைப் பிடித்து, சேற்றில் விழுந்து எழுந்து, கட்டியணைத்தபடி இழுத்து வந்தான். கரையில் போட்டுவிட்டு வாந்தி எடுத்தான். பிறகு ஈரக் கையோடு தன் புத்தகத்தில் எழுதி எனக்குக் காட்டினான்: கட்டைக்குக் கீழே, துறைமுக எல்லையில் கிடைத்தது.

பந்தயத்தன்று அவன் இந்த உடம்புக்கான காகிதங்களோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். நான் கஞ்சி போட்ட காக்கிச் சட்டையில் கடற்கரையில் நின்றேன். துரை கையெழுத்துப் போட்டார். பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம். ஆனால் என்னை இன்றைக்கும் அருவருக்க வைப்பது அந்தக் கையெழுத்து அல்ல.

உடம்பைக் கரையில் போட்ட அன்றைக்கே, அந்த வயதான கூலி என்னைக் கேட்காமலே போய் அவளைக் கூட்டி வந்துவிட்டார். அவள் முகத்தைத் தொட்டாள், தாயத்தைத் தொட்டாள், மணலில் புரண்டு அழுதாள். வெகுநேரம் கழித்து எழுந்து நேராக என்னிடம் வந்து கைகூப்பினாள்.

"குடுத்த வாக்கக் காப்பாத்திட்டீங்க ஐயா. மொகத்தப் பாத்துட்டேன். உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்."

சொட்டச் சொட்ட ஈரமாக நின்ற கிராணி, என்ன சொல்கிறாள் என்று மலாயில் கேட்டான்.

"ஒன்றுமில்லை, அழுகிறாள்" என்றேன்.

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "ஒடம்பெல்லாம் ஏன் ஐயா இப்படிச் சேறா கெடக்கு? தோலெல்லாம் ஒராஞ்சிருக்கே, ஏன் ஐயா?"

அந்த நேரம் பார்த்துக் கிராணி என் தோளைத் தொட்டான். "நான் இன்னும் சீக்கிரம் வந்திருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னிக்கும்படி அவளிடம் சொல்" என்றான்.

அவள் கேள்விக்குப் பதில் போல, அதை மட்டும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

"இவரு தாமதமா வந்துட்டாராம்மா. மன்னிக்கச் சொல்றாரு."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அப்படியொரு வெறுப்பை நான் யார் முகத்திலும் கண்டதில்லை. என்னவென்று விளங்காமல் அவன் அந்தப் பார்வைக்கு முன்னால் கைகூப்பி நின்றான்.