அருச்சுனன் பெயரும் முருகன் பெயரும்

1990, ஐப்பசி, பிற்பகல். கோப்பாய். வடக்கு வானில் கருமேகம், மழை தொடங்கவில்லை. எங்கள் வளவில் எறிகணை ஒன்று விழுந்தது. இறந்தவர் ஒருவர்: என் அக்கா, வயது பதினெட்டு.

அந்தப் பிற்பகலுக்கு ஈரமண்ணின் மணம் இருந்தது; முற்றத்தில் வெட்டியிருந்த பதுங்குகுழியான 'பங்கர்' முதல்நாள் மழையில் முழங்காலளவு நிரம்பி, தவளைகள் குடியேறியிருந்தன.

அக்கா ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இடியைச் சார்ந்த இரு பெயரடைகளை நான் ஒன்றென்று சாதித்ததற்காக ஒரு கிழமையாக என்னைக் கேலிசெய்தாள். 'தண்டரி' என்பது இடிக்கப்போகும் வானத்தைக் குறிக்கும். 'தண்டரஸ்' என்பது இடிபோல அதிரும் எதையும் குறிக்கும், அது கைதட்டலாகவும் இருக்கலாம், ஷெல்லாகவும் இருக்கலாம். ஆங்கிலம் அறியாத அம்மாவோ அந்த வேறுபாட்டை வேறுவகையில் காத்துவந்தார். இடி முழங்கினால் "அருச்சுனா, அருச்சுனா" என்பார்; எறிகணை ஏவப்படும் ஓசையான ஷெல் 'குத்துற சத்தம்' தொலைவில் கேட்டால் "முருகா" என்பார். முதலாவதற்குக் கொடியிலிருந்து உடுப்பை எடுப்போம். இரண்டாவதற்குப் பங்கருக்குள் பாய்வோம்.

அன்று வடக்கே, மேகமும் இராணுவ முகாமும் இருந்த திசையில், ஒரு முழக்கம். எந்தச் சத்தத்துக்கும் ஓடுபவனாகிய நான் பங்கரை நோக்கி ஓடினேன். குசினி அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அருச்சுனா, அருச்சுனா." அதைக் கேட்டு, பங்கரின் மண்மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

"எங்கையடா ஓடுறாய், பயந்தாங்கொள்ளி?" என்று அக்கா சிரித்தாள். "வானத்தைப் பார், நல்ல தண்டரி. உனக்கு எல்லாம் தண்டரஸ்தான். போய்த் தவளையோடை இரு, நான் உடுப்பை எடுத்துக்கொண்டு வாறன்."

அவள் கொடியடியை அடைந்தபோது ஷெல் விழுந்தது.

சற்று நேரத்தில் உண்மையாகவே இடித்து மழை பெய்தது. வானத்தைப் பற்றி அக்கா சொன்னதில் பிழையில்லை. ஒரே வேளையில் இரு சொற்களும் பொருந்தக்கூடும் என்பதை மட்டும் நாங்கள் மூவரும் எண்ணியிருக்கவில்லை.

அதன்பின் அம்மா எந்தப் பெயரையும் சொல்லவில்லை. முழக்கம் எதுவாயினும் ஒரு கையால் தன் வாயைப் பொத்தி, மறுகையால் என்னைப் பங்கருக்குள் இழுப்பார். 1995இல் ஊரை விட்டு வெளியேறினோம். பின்னர் அந்நிய நாட்டுத் தொடர்மாடியிலும், கோடை இடி கேட்கும்போதெல்லாம், அவர் கை வாய்க்குப் போனது. சென்ற மாதம் அவரும் இறந்தார். இப்போது இடித்தால் இடி மட்டுமே கேட்கிறது.

செய்யாது விட்டவை:

வளவிலுள்ள பங்கரைத் தூர்த்தல்.

அக்காவின் ஆங்கிலப் புத்தகங்களை யாருக்காவது கொடுத்தல்.

அம்மாவிடம் சொல்லுதல்: "அண்டைக்குப் பின்னேரம் எனக்கும் அது இடி மாதிரித்தானம்மா கேட்டது."