கண்மாய் நடுவில் நின்ற மோட்டார்

தினமும் காலையில் மேலூர் பஸ்ஸைக் கிளப்பி அனுப்புவது என் வேலை. யுத்த காலம். பெட்ரோலுக்கு ரேஷன் என்பதால் பஸ்ஸின் பின்னால் கரி உலையைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டினோம். உலையை ஊதிப் பற்றவைத்து வண்டியை அனுப்பிவிட்டு, கரி அப்பிய முகத்தோடு ஷெட் வாசலில் நிற்பேன். அதில் ஏறினால் மேலூர். அங்கிருந்து இரண்டு மைல் நடந்தால் என் மனைவி இருக்கும் ஊர். எட்டு மாதமாக நான் ஏறவில்லை.

பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள். பிள்ளை பதினோராம் நாள் இறந்துபோனது. நான் போய் ஒரு நாள் இருந்தேன். ஷெட்டில் ஆள் இல்லையென்று மறுநாளே திரும்பிவிட்டேன். எங்கள் பக்கத்தில் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புருஷன் வீட்டார் போய்த் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவார்கள். பிள்ளை இல்லாவிட்டால் எந்த மாதம் போவது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அவர்கள் சொல்லி அனுப்பட்டும் என்று நான் இருந்தேன். நானாக வரட்டும் என்று அவர்கள் இருந்திருப்பார்கள். ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். பேச ஆளில்லாமல் ஸ்பானரோடு பேசத் தொடங்கியிருந்தேன். அதுவும் பெரும்பாலும் வசவுதான்.

கார்த்திகையில் ஒரு ரோடு காண்ட்ராக்டர் படகு மோட்டார் ஒன்றை ஷெட்டுக்கு அனுப்பினார். கண்மாயில் வாத்து சுடுவதற்காக ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்து, ஊருக்குக் கப்பலேறும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. படகின் பின்பலகையில் மாட்டிக்கொள்ளும் சாதி. வைகை மணலில் உழுவதற்கா என்று ஷெட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். ஓட்டிக் காட்டவேண்டிய கண்மாய் எது என்று காண்ட்ராக்டர் சொன்னதும் நான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். அதன் வடகரையில்தான் அவள் ஊர்.

கரி பஸ் வந்தபிறகு கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும் சுகமே போயிருந்தது. இதைத் திறந்தால் உள்ளே எண்ணெயும் பெட்ரோலும் காய்ந்து வெல்லப்பாகாக இறுகிக் கிடந்தது. ஊறவைத்துச் சுரண்டினேன். பெட்ரோல் பீச்சும் துவாரத்தில் கம்பியை விட்டால் துவாரம் பெருத்துவிடும். ஜட்கா ஸ்டாண்டில் ஒரு குதிரையின் வால்மயிரைக் கேட்டு வாங்கி அடைப்பெடுத்தேன். பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை கார்களில் பித்தளையில் இருக்கும். இதில் வெறும் தக்கை. மேல்பூச்சு உரிந்து, பெட்ரோலைக் குடித்துக் கனத்திருந்தது. அதை வெயிலில் உலர்த்தி, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பாலிஷாக்கி, மூன்று பூச்சுப் பூசினேன். ஒரு பூச்சுக்கு ஒரு நாள் போதும். நான் நான்கு நாள் காயவிட்டேன். ஏனென்று கேட்டிருந்தால் வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருப்பேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதுதான் நிஜம்.

மூன்றாவது வாரம் தண்ணீர்ப் பீப்பாயில் மாட்டிக் கயிற்றை இழுத்தேன். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து, பிறகு இம்மி இம்மியாகக் குறைத்தேன். இருமிக்கொண்டிருந்த சத்தம் தெளிந்து சீராக ஓடியது. எட்டு மாதத்தில் அன்றுதான் எனக்கு வயிறு பசித்தது. படகிலேயே அக்கரை போய் இறங்குவது, சத்தம் கேட்டு அவளே கரைக்கு வந்துவிடுவாள், நான் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் பஸ்ஸை அனுப்பிவிட்டு, மோட்டாரைக் காண்ட்ராக்டரின் லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். கண்மாய் தெற்குக் கரையில் அவருடைய ஆள் படகோடு காத்திருந்தார். கரையோரமாக நாலு சுற்றுச் சுற்றிக் காட்டினால் போதும் என்று அதற்கு மட்டும் பெட்ரோல் கொடுத்தார். அக்கரைக்கு அது காணாது. பாலிஷுக்கு வாங்கியதில் மிஞ்சிய ஸ்பிரிட் பாட்டில் பையில் இருந்தது. முதலாளியின் காருக்குப் பெட்ரோல் பற்றாதபோதெல்லாம் நாங்கள் கலப்பதுதான். கை தன் பழக்கத்தில் ஊற்றிவிட்டது. டாங்கியிலிருந்து கார்புரேட்டருக்கு இறங்கும் குழாயையும் திறந்துவைத்தேன். படகில் ஒழுகிய தண்ணீரை இறைத்து முடிக்க ஒரு மணி நேரமானது.

கண்மாயின் நடுவரை நன்றாகத்தான் ஓடியது. வடகரையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். அப்போது மோட்டார் கரும்புகை கக்கியது, கார்புரேட்டர் பெட்ரோலாக வழிந்தது, நின்றுவிட்டது. மோட்டார் இருக்கிறதே என்ற திமிரில் துடுப்பை எடுத்துவரவில்லை. வாடைக்காற்று என்னைப் புறப்பட்ட கரைக்கே தள்ளிக்கொண்டு போனது. நெற்றியில் கைவைத்துப் பார்த்தது அவளா என்று கடைசிவரை தெரியவில்லை.

கரையில் கார்புரேட்டரைத் திறந்தேன். தக்கை அடியில் மூழ்கிக் கிடந்தது. தொட்டால் பூச்சு விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அரக்கை எதில் கரைத்தேனோ அதையே அதன்மேல் ஊற்றியிருக்கிறேன். பித்தளையாக இருந்தால் ஸ்பிரிட் ஒன்றும் செய்திருக்காது. காண்ட்ராக்டரின் ஆள் திட்டியது காதில் ஏறவில்லை. மோட்டாரை அவரிடமே போட்டுவிட்டுக் கரையைச் சுற்றி மூன்று மைல் நடந்தேன்.

மாமியார் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவள் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். மெலிந்திருந்தாள். மோட்டார் சத்தம் நீங்கள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சரிசெய்ய எத்தனை நாளாயிற்று என்று கேட்டாள். மூன்று வாரம் என்றேன்.

"பிள்ளை போனதுலருந்து பெட்டியக் கட்டி வச்சுருந்தேன். இன்னைக்கு வருவீக, நாளைக்கு வருவீகன்னு. போன வாரந்தான் பிரிச்சேன்."

போன வாரம் நான் தக்கைக்கு மூன்றாம் பூச்சைக் காயவிட்டுக்கொண்டிருந்தேன். மறுபடி கட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

சாயங்காலம் தனியாக நடந்து மேலூர் வந்தேன். எங்கள் பஸ் நின்றது. காலையில் நான் பற்றவைத்து அனுப்பிய அதே வண்டி. நான் காசை நீட்டியதும் கண்டக்டர் சிரித்துக்கொண்டே என் கையைத் தள்ளிவிட்டார்.

"நம்ம வண்டிதானேண்ணே. நீங்க எப்ப வேணும்னாலும் ஏறி வரலாமே."