உலை ஓய்ந்த நாற்பது நிமிடம்

சட்டைப் பையில் நீலக் கண்ணாடி இருப்பது, மில் கேட்டைத் தாண்டி முன்னூறு அடி நடந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உருகிய இரும்பை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. உலைக்கு எதிரே நிற்பவர்களுக்கு மரச்சட்டம் போட்ட, உள்ளங்கை அளவுக் கண்ணாடி ஒன்று கொடுப்பார்கள். ஹெல்மெட்டையும் கையுறையையும் மேஸ்திரியின் காலடியில் வைத்துவிட்டு வந்த நான் இதை மட்டும் மறந்திருந்தேன். திருப்பிக் கொடுக்கப் போனால் கோபத்துக்கு மரியாதை இருக்காது. எனவே நடந்துகொண்டே இருந்தேன். இராத்திரி ஷிஃப்ட் முடித்தவனை, மாற்றாள் வரவில்லை என்று காலை ஷிஃப்டுக்கும் நிறுத்தினார்கள். மணி பத்தானபோது, மத்தியானமும் நீயே பார் என்றார் மேஸ்திரி. முழங்கையில் இரும்பு தெறித்த தீக்காயத்துக்கு அப்போதுதான் பல் பேஸ்ட் தடவியிருந்தேன். கிளம்பிவிட்டேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் எந்தப் பக்கம் போகும் ரயில் முதலில் வருகிறதோ அதில் ஏறுவது என்பதுதான் திட்டம். எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டதிலிருந்து என் திட்டங்கள் எல்லாம் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன.

தொழிற்பேட்டைச் சாலை திரும்பும் முனையில் ஒரு டீக்கடை. அதை ஒட்டி, பத்துக்குப் பத்து அறை ஒன்றில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தது. ஜெராக்ஸ், டைப்பிங் என்று எழுதியிருந்தது. டீ கையில் வந்தபோது உள்ளே ஒரு பெண் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். "சோறு போட்டா துன்றே. சொன்ன வேலைய மட்டும் செய்ய மாட்டேன்றே. உன்னிய கூட்டாந்து வெச்சதுக்கு ஒரு எருமைய வாங்கியிருக்கலாம்." புருஷனாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர்.

அவரை அன்றும் பிறகும் நான் அக்கா என்றுதான் அழைத்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். அதே பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஒன்பது வருடமாக அட்டைப் பெட்டி ஒட்டியவர். சாயங்கால வகுப்பில் டைப்பிங் படித்து, சென்னைக்குப் போய்ப் பாகம் பாகமாக வாங்கிவந்து, தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவரால் அந்தக் கம்ப்யூட்டரைத் தானே பூட்டியிருந்தார். பூட்டியதில் ஒரு குறையும் இல்லை. அதை ஓட வைக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும் ஏற மறுத்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, மில்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு கம்பெனியின் அதிகாரி வந்து பார்ப்பதாக இருந்தது. கம்ப்யூட்டர் ஓடினால், பேட்டையில் நாலைந்து மில்களின் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கேட் பாஸ் அடிக்கும் வேலை அக்காவுக்கு. ஓடாவிட்டால் அதே ஒன்பது மணிக்கு அவர் அட்டைப் பெட்டி ஒட்டப் போக வேண்டும். அவர் எடுத்த லீவு அன்றோடு முடிகிறது.

இதையெல்லாம் நான் கேட்காமலேயே சொன்னார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரே எடத்துலயா நிக்குது, வேற வேற எடத்துலயா?"

அக்கா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். முகமெல்லாம் உலைக் கரி, காலில் அறுந்த பூட்ஸ். "உனக்கு இன்னா தெரியும் தம்பி?"

சென்னையில் கம்ப்யூட்டர் பாகம் விற்கும் தெருவில் ஏழு மாதம் பெட்டி தூக்கியிருந்தேன். பெட்டி தூக்குகிறவன் அருகில் நிற்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை, அதனால் நிறையக் கேட்கலாம். நின்ற இடத்திலேயே மறுபடி மறுபடி நின்றால் சிடியைப் பார், இடம் மாறி மாறி நின்றால் மெமரியையும் கரண்டையும் பார் என்று அங்கே ஒரு மெக்கானிக் சொல்வார். அதைச் சொன்னேன்.

"நாலு வாட்டியும் நூத்துக்கு நாப்பத்தேழுலதான் தம்பி நின்னுது. ஃபைல காப்பி பண்ண முடிலயாம்."

சிடியை வெளியே எடுத்தேன். பளபளக்கும் அடிப்பக்கத்தில், ஓட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவே, அழகாக ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

"இது இன்னாக்கா?"

"வெள்ளிக்கிழம பூஜ போட்டேன். பொட்டிக்கு வெச்சேன், டிவிக்கு வெச்சேன், எலிக்குக் கூட வெச்சேன். இதுக்கு மட்டும் வெக்காம உட்டா கோச்சுக்காதா?"

"அதுக்குன்னு படிக்கிற பக்கத்துலயா?"

"எந்தப் பக்கம் படிக்கும்னு எனக்கு இன்னா தெரியும்? ரெண்டு பக்கமும்தான் வெச்சேன்."

டீக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பாய்லர் ஆடியது. சோப்புத் தண்ணீரில் சிடியைக் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும். சிடி வைக்கும் தட்டிலும் குங்குமம் கொட்டியிருந்தது, ஊதி எடுத்தேன். மறுபடி போட்டோம். நாற்பத்தேழு வந்தது, நாற்பத்தெட்டு வந்தது. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஃபைல் காப்பி முழுவதும் முடிந்து, இன்னும் முப்பத்தொன்பது நிமிடம் என்று திரை காட்டியது. நான் இரண்டாவது டீ சொன்னேன்.

முப்பத்தொன்று என்று காட்டும்போது திரை கறுத்து, கம்ப்யூட்டர் தானாக மறுபடி எழுந்தது. மறுபடி முப்பத்தொன்பதிலிருந்து. இந்த முறை இருபது வரை வந்து செத்தது. இப்போது இடம் மாறிவிட்டது. மெமரியைக் கழற்றித் துடைத்து அழுத்தி மாட்டினேன். எல்லா ஒயரையும் பிடுங்கிச் சொருகினேன். விசிறி ஓடுகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அக்கா கண் திருஷ்டி என்று முடிவுகட்டி எலுமிச்சம்பழம் வாங்கக் கிளம்பினார். பழச்சாறு உள்ளே போனால் நானே திரும்பி மில்லுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டி உட்கார வைத்தேன்.

மூன்றாவது முறை செத்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை. களைப்பில் தலையைச் சுவரில் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். டியூப்லைட் ஒருமுறை கண் சிமிட்டியது. சீலிங் ஃபேன் ஒரு பெருமூச்சு விட்டது. சுவர் வழியாக ஒரு ரீங்காரம் என் முதுகில் ஏறியது. ஆறு மாதமாக அந்தச் சத்தத்தில் நின்றவன் நான். உலையில் பழைய இரும்பைக் கொட்டி, உருக்குவதற்கு மின்சாரம் ஏற்றும் முதல் நிமிடத்தில் வரும் சத்தம் அது. ஹீட் போடுவது என்போம். மில் அப்போது தன் பங்கை மட்டும் குடிப்பதில்லை, சாலை முழுவதன் மின்சாரத்தையும் ஒரு வாய் உறிஞ்சிவிடும். டியூப்லைட்டுக்கு அது ஒரு சிமிட்டல், புதுக் கம்ப்யூட்டருக்குச் சாவு. கரண்டைத் தாங்கிப் பிடிக்க பேட்டரிப் பெட்டி இருந்தால் போதும். அது அடுத்த வாரம்தான் வரும் என்றார் அக்கா.

அந்த உலை இரவு பகல் ஓயாது. ஆனால் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது உலையை நிறுத்தி அதன் உட்சுவரைப் பார்ப்பார்கள். நாற்பது நிமிடம், சில நாள் நாற்பத்தைந்து. சிஸ்டம் ஏற முப்பத்தொன்பது வேண்டும். மில் முற்றத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் ஷிஃப்ட் மணி அடிக்கிற சத்தம் கேட்டதும் அக்கா பட்டனைத் தட்டினார்.

அந்த நாற்பது நிமிடம் போல மெதுவாக எதுவும் நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஒன்பது நிமிடம் மீதி என்று திரை காட்டியபோது, மில்லில் கிரேன் ஊளையிடும் சத்தம் கேட்டது. இரும்பைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கென்று சீக்கிரம். அக்கா என்னைப் பார்த்தார். மேசைமேல் மடித்து வைத்திருந்த மருந்துக் கம்பெனிச் சீருடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நான் ஓடினேன்.

மேஸ்திரி சுவிட்ச் பலகை முன்னால் நின்றிருந்தார். ஆந்திர எல்லைப் பக்கத்து ஆள். கோபம் வந்தாலும் நைனா, குஷி வந்தாலும் நைனா.

"இன்னா நைனா, அதுக்குள்ள ஊரு சுத்திட்டு வந்துட்டியா?"

"மேஸ்திரி, பத்து நிமிஷம் ஹீட் போடாதீங்க."

"ஏன், எவனாவது உள்ள வுழுந்துட்டானா?"

"முனைக்கட அக்கா கம்ப்யூட்டர்ல சிஸ்டம் ஏறிகினு இருக்குது. நீங்க சுவிட்ச் போட்டா படுத்துரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "எட்டு டன் இரும்பு காத்துகினு கீது. ஒரு டிவி பொட்டிக்காக நிக்கச் சொல்ற?" என்றார் மேஸ்திரி. கேட் பாஸ் விஷயத்தைச் சொன்னேன். சீருடையை மடியில் வைத்திருப்பதையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. அந்த மில்லில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒருவர் எங்காவது பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். "லேட்டானா மேல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும். ஆளு பத்தலன்னு சொல்லிக்கலாம். ஆளு ஏன் பத்தல? நீ போய்ட்ட. அப்ப நாளைக்கும் பத்தலன்னா என் வேல போயிரும். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வரேன்னு சொல்லு, நான் டீ குடிக்கப் போறேன். வரலன்னு சொல்லு, இப்பவே சுவிட்ச் போடறேன்."

ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் ஊதியது. எந்தப் பக்கம் போகிற வண்டி என்று தெரியவில்லை. "ரெண்டு ஷிஃப்டுக்கு மேல நிக்க மாட்டேன்" என்றேன். "ஒண்ணு போதும் நைனா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கு நடந்தார். போகிறவரை நிறுத்தி, பையிலிருந்த நீலக் கண்ணாடியை எடுத்து நீட்டினேன். "நாளைக்கு இன்னாத்தப் புடிச்சிப் பாப்ப? வெச்சிக்கோ" என்றார்.

நான் திரும்பி வந்தபோது திரையில் நிமிடக் கணக்கு இல்லை. ஒரு பாட்டுத் துணுக்கு போல ஏதோ ஒலித்தது, கம்ப்யூட்டர் விழித்துவிட்டது. அக்கா அதைத் தொடாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் பிரிண்டரும் ஓடியது. மாதிரிக்கு ஒரு கேட் பாஸ் அடிக்க வேண்டும் என்று என் பெயர், அப்பா பெயர் கேட்டார். "வேல இன்னான்னு போடட்டும்?" என்றபோதுதான் எனக்கு வேலை இருப்பது உறைத்தது. உலை உதவியாளர் என்று அடித்தார். இரண்டு பிரதி. ஒன்று அதிகாரிக்குக் காட்ட, ஒன்று எனக்கு.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. அந்த நீலக் கண்ணாடி மட்டும் என்னுடன் வந்து, இப்போது ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. சென்ற மாதம் என் மகளின் மடிக்கணினிக்குப் புது சிஸ்டம் ஏற்றினோம். சுண்டுவிரல் அளவுப் பொருள் ஒன்றைச் சொருகினாள், பல் விளக்கிவிட்டு வந்தாள், முடிந்துவிட்டது. யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நல்ல காலம்தான். எனக்குத்தான் டியூப்லைட்டை ஒருமுறை அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அக்காவின் கம்ப்யூட்டர் விழித்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, முந்தின நாள் விட்டுவந்த அதே வேலையில் சேர்ந்தேன். கேட் காவலாளி என் பாஸை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவரை அவர் பார்த்ததெல்லாம் கையால் கிறுக்கியவை. ஹீட் போடும் முன் தண்டவாளத் துண்டில் இரண்டு அடி அடிப்பதாக அக்காவிடம் சொல்லியிருந்தேன், அதைக் கேட்டதும் அவர் டைப் செய்தது எல்லாவற்றையும் சேமித்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். அதிகாரி வேலையைக் கொடுத்துவிட்டால் கடை வாசலில் மஞ்சள் பை ஒன்றைத் தொங்கவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கு உலை மேடையில் ஏறினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாலை, டீக்கடை, பலகை எல்லாமே நீலம். பலகைக்குக் கீழே ஏதோ ஆடியது. கண்ணாடியை இறக்கினேன். மஞ்சள்.

தண்டவாளத்தில் இரண்டு அடி அடித்தேன். பத்து எண்ணினேன். "போடலாம் மேஸ்திரி" என்றேன்.