வெல்லம் கரைத்த குளம்

எங்கள் கொல்லைக் குளத்து மீன்கள் வெல்லத்தால் செத்தனவா, தண்ணீரால் செத்தனவா? ஐந்து வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை.

குளம் என்றால், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி சிமெண்ட் பூசிய குழி. அதில் அல்லி வைத்திருந்தேன். மாடியில் குடியிருக்கும் நாத்தனார் அதை "உன் புஷ்கரணி" என்பார். மகளுக்கு அப்போது நான்கு வயது. அவள் விழுந்துவிடுவாளோ என்று வலை போட்டேன். கொசுப்புழு இருக்குமோ என்று காலையில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். இருந்தது.

"கப்பி மீன் வுடுங்கம்மா, புழுவத் தின்னுடும். இல்லாட்டி மூடச் சொல்லுவாங்க," என்றார் நகராட்சியிலிருந்து வந்தவர். இருபது மீன் வாங்கி விட்டேன். புழு போயிற்று.

அந்தக் கோடையில் மகளின் கழுத்தில் மரு வந்தது. கோவில் குளத்தில் வெல்லம் போட்டால், அது கரைவதுபோல மருவும் கரையும் என்பார்கள். கோவில் குளமோ வற்றிக் கிடந்தது.

"அதுக்கென்னம்மா, உன் புஷ்கரணி இருக்குதே," என்றார் நாத்தனார்.

"மீன் இருக்கே, அண்ணி."

"தின்னுட்டுப் போவுது. பிரசாதம்னு நெனச்சுக்கும்."

நான் மறுக்கவில்லை. நாத்தனார் வலையை விலக்கி, தினம் ஓர் அச்சு வெல்லமாக மூன்று நாள் மகளின் கையால் போட வைத்தார். நான்காம் நாள் தண்ணீர் வெளுத்துக் கலங்கியது. நாத்தனார் கோவிலுக்குப் போயிருந்தார்.

"அம்மா, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது. இன்னும் வெல்லம் கேக்குது," என்றாள் மகள்.

மூச்சுக்குத்தான் வந்தன. பதறிப்போய், மீன் நீந்த ஒரு சாண் விட்டு மீதித் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, குழாயில் ஓஸ் மாட்டி நிரப்பினேன். பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தது. குழாய்த் தண்ணீரை ஒரு நாளாவது திறந்து வைத்த பிறகே மீனுக்கு ஊற்ற வேண்டும். பட்டப்படிப்பில் வேதியியல் படித்த எனக்கு அது அன்று தோன்றவில்லை. மதியத்துக்குள் எல்லா மீனும் மிதந்தன.

திரும்பி வந்த நாத்தனார் பார்த்துவிட்டு, "என் வெல்லம்தான்மா கொன்னுடுச்சு," என்றார். தண்ணீர் மாற்றியதை நான் சொல்லவில்லை.

மரு ஒரு மாதத்தில் உதிர்ந்தது. நாத்தனார் மட்டும் அதன்பின் வெல்லத்தைத் தொடுவதில்லை. புரட்டாசி சனிக்கிழமைகளில் சர்க்கரைப் பொங்கலை நான்தான் கிளறுகிறேன்.

இப்போது குளத்தில் மறுபடியும் புழு. மகள் மீன் கேட்கிறாள். ஒரு தடவைக்கு எவ்வளவு தண்ணீர் மாற்றலாம்? மீன் வளர்ப்பவர்கள் எழுதுங்கள். புது மீன் வருவதற்குள் நாத்தனாரிடம் அன்று தண்ணீர் மாற்றியதைச் சொல்லிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரிந்தவர்கள் அதையும் எழுதுங்கள்.