பூஜையில் வைத்த ஹார்ட் டிஸ்க்

அம்மனை நம்பும் என் சொந்தங்களுக்குக் கோவிந்தாபுரம் ருக்மணி சொல்லிக்கொள்வது. நான் வாயால் சொல்ல, மருமகள் கவிதா தட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் டீச்சர். என் பேச்சுக்குத் தலைவாரிப் பூ வைத்துத்தான் வெளியே விடுவாள். ஆனால் எதையும் வெட்டக் கூடாது என்று விளக்கு முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவளைப் பற்றி வரும் இடங்களையும் சேர்த்துத்தான்.

போன நவராத்திரிக்கு முந்தின நவராத்திரி. துர்காஷ்டமி அன்று காலையில் என் மகன் முருகேசனின் கம்ப்யூட்டர் நின்றுபோனது. அவன் கல்யாணம், காதுகுத்து என்று போட்டோ எடுப்பவன். வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. தொழில் தொடங்கியபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. வரும்போது வெள்ளையாக இருந்தது, பிறகு மோர்க்குழம்பு நிறத்துக்கு மாறிவிட்டது. காலையில் அதை ஆன் செய்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால், அப்போதுதான் கண் விழித்திருக்கும். புதிதாக வாங்கடா என்றால், இன்னும் ஓடுகிறதே என்பான். என்னையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறான் என்பதால் நான் மேலே பேசுவதில்லை.

அதற்கு முந்தின நாளே அந்த மூலையிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. தேன்மொழிக்கு ஆண் குழந்தைதான் பிறக்கும் என்று நான் கவிதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி வாய் மூடவில்லை, டிக் டிக். கிழக்கு மூலையில் பல்லி சொல்லிவிட்டது, பலிக்கும் என்று தரையில் விரலால் தட்டிவிட்டு எழுந்தேன். அது பல்லி இல்லை. கம்ப்யூட்டருக்குள் படங்களைச் சேர்த்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் உயிரை விடுகிற சத்தம். எனக்கு எப்படித் தெரியும்?

முருகேசன் மெஷினை ஆன் செய்தான், அணைத்தான், மறுபடி ஆன் செய்தான். திரை கறுப்பாகவே இருந்தது. டிக் டிக் மட்டும் கேட்டது. மத்தியானம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே என்னடா இருக்கிறது என்று கேட்டேன்.

"தேன்மொழி கல்யாணம்மா. வேற எங்கயும் இல்ல."

தேன்மொழி யார் என்று சொல்கிறேன். மாந்தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரங்கசாமியின் ஒரே மகள். ரங்கசாமி என்னை அக்கா என்று கூப்பிடுவார். தங்கமான மனுஷன், ஆனால் கேமராவைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி ஒதுங்குவார். எந்த விசேஷத்திலும் அவர் படம் இருக்காது. பந்தியில் கேமரா வந்தால் இலையில் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்துகொள்வார். மகள் கல்யாணத்தில் மட்டும் அவர் ஓட முடியவில்லை. அந்தத் தை மாதக் கல்யாணம் முடிந்து, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க இந்த வாரம் வருகிறோம், அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பங்குனியில் ரங்கசாமி தோப்பில் மருந்தடித்துவிட்டு வந்து, நெஞ்சு அடைக்கிறது என்று படுத்தார். எழவில்லை.

அவர் வீட்டில் மாட்டி வைக்க ஒரு படம் இல்லை. ரேஷன் கார்டில் ஒன்று இருந்தது. அதிலும் பாதி முகத்தின் மேல் சர்க்கார் முத்திரை. அந்தப் படத்துக்கு மாலை போட்டால் முத்திரைக்குப் போட்ட மாதிரி இருக்கும் என்று தேன்மொழி அழுதாள். கல்யாணப் படம்தான் வேண்டும் என்று காத்திருந்தாள். அப்போது அவளுக்கு ஆறு முடிந்து ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஐப்பசியில் கட்டுச்சோறு விருந்து. பிறந்த வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போய் வயிற்றுப் பிள்ளைக்காரிக்குப் போடும் விருந்து அது. அப்பா இல்லாத குறை தெரியக் கூடாது, அப்பா படம் முன்னால் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

அந்தப் படம்தான் டிக் டிக் என்று போய்க்கொண்டிருந்தது. கேமராவில் இருந்ததை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டிருந்தான் என் மகன். இதற்கெல்லாம் அவனுக்குக் கை வேகம் அதிகம்.

செய்தி பரவியதும் வைத்தியர்கள் வந்துவிட்டார்கள். அரிசி டிரம்மில் புதைத்து வை, போன் தண்ணீரில் விழுந்தபோது என் பேரன் அப்படித்தான் செய்தான் என்றார் ஒருவர். ஃபிரிட்ஜில் வை என்றார் இன்னொருவர். எங்கள் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்கே இடம் போதாது. முருகேசன் யார் பேச்சையும் கேட்கவில்லை. ஆன், ஆஃப், ஆன், ஆஃப். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நாங்கள் கேரள எல்லைக்காரர்கள், எங்கள் பக்கம் அஷ்டமி சாயங்காலம் பூஜைவைப்பு. புத்தகம், பேனா, தொழில் சாமான் எல்லாம் சரஸ்வதி முன்னால் வைத்துவிட வேண்டும். தசமி காலையில் பூஜையெடுப்பு வரை யாரும் தொடக் கூடாது. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த பண்டிகை. கவிதாவுக்கும்தான், அன்று பிள்ளைகளின் நோட்டுத் திருத்த வேண்டாம். அவள் புத்தகங்களை வைத்தாள். நான் கேமராவை வைத்தேன். பிறகு போய்க் கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கினேன்.

முருகேசன் பதறிவிட்டான். "அம்மா, இப்ப வெளையாடற நேரமா? இன்னொரு தடவ போட்டா வந்துரும்."

"வர்றதுன்னா சரஸ்வதிகிட்டயே வரட்டும். நீ வந்து சோறு தின்னு."

எனக்கு ஹார்ட் டிஸ்க்கும் தெரியாது, அதன் நோயும் தெரியாது. மெஷின் சாமிகிட்டப் போய்விட்டால் இவன் அதை நோண்ட முடியாது, நாலு வாய் சாப்பிட்டுப் படுப்பான். என் கணக்கு அவ்வளவுதான். சந்தனம், குங்குமம் வைத்து, செம்பருத்தி சூட்டி, புதுப்பெண் மாதிரி அதை உட்கார வைத்தேன். சாப்பிட்டான்.

அவன் எழுந்து போனதும் நான் சரஸ்வதி முன்னால் உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளிடம் நான் எதுவும் கேட்டதே இல்லை. மழைக்கும் மாட்டுக்கும் மாரியம்மன் இருக்கிறாள். சரஸ்வதிக்கும் எனக்கும் இரண்டாம் வகுப்போடு பேச்சு நின்றுவிட்டது. அன்றுதான் மறுபடி பேசினேன். "தாயே, உன்கிட்ட நான் வந்ததில்ல. எனக்காக இப்பவும் வரல. அப்பன் மொகம் பாக்காம அந்தப் புள்ள தவிக்குது. அதத் திருப்பிக் குடுத்துரு. இந்த வயசுல உன்ற முன்னால குத்தவெச்சு அரிசில எழுதறேன்" என்றேன். அழுகை வந்தது. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் வந்தது.

மறுநாள் நவமி. முருகேசன் இரண்டு மூன்று முறை பூஜை அறைப் பக்கம் வந்தான். நான் வாசல்படியிலேயே உட்கார்ந்து சுண்டலுக்குத் தேங்காய் நறுக்கினேன். எவ்வளவு மெதுவாக நறுக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக.

சாயங்காலம் தேன்மொழியே வந்துவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க. முருகேசன் பின்பக்கமாகத் தோட்டத்துக்கு நழுவிவிட்டான். எனக்குப் பொய் சொல்லப் பழக்கம் உண்டு, ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் வரவில்லை.

"ஏனுங்கத்தை, கல்யாணப் படம் பாக்கலாமுங்களா? கட்டுச்சோத்துக்குள்ள அப்பா படம் போடோணுமுங்க."

"பூஜைல இருக்குது கண்ணு. தசமி வரைக்கும் தொடக் கூடாது."

அது பொய் இல்லை. கம்ப்யூட்டரையும் அதன் மேலிருந்த குங்குமத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் கூப்பினாள்.

"அப்ப எங்கப்பாவும் பூஜைல இருக்கறாருங்க" என்றாள்.

சுண்டலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்குச் சரஸ்வதியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. இந்தப் பெண் சொன்னது உன் காதில் விழுந்ததா என்று மட்டும் கேட்டேன்.

தசமி காலையில் பூஜையெடுத்தோம். முருகேசன் பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினான். மெஷின் பூஜையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவனுக்கும் பதற்றம் குறைந்திருந்தது. இனி நானே நோண்டுவதில்லை, கோயம்புத்தூரில் இதற்கென்று ஆள் இருக்கிறார்கள், அங்கே போகலாம் என்றான். நானும் வருவேன் என்றேன். அதற்கும் ஒரு பொட்டுச் சந்தனம் வைத்து, துண்டில் சுற்றி, பொள்ளாச்சி வழியாகக் கோயம்புத்தூர் வரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் என் பக்கத்துச் சீட்டுக்காரி, உள்ளே என்னங்க, முட்டையா என்று கேட்டாள். ஒரு கல்யாணமே இருக்கிறது என்றேன். அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கடையில் ஒரு பெண் இருந்தாள். துண்டைப் பிரித்ததும் சிரித்தாள்.

"இதுக்குச் சந்தனம் வெச்சது யாருங்க?"

நான் மகனைக் காட்டினேன்.

அவள் வாங்கி, காதருகே வைத்துப் பார்த்து, எத்தனை நாளாகச் சத்தம் வருகிறது, அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள் என்று கேட்டாள். அஷ்டமி பகலெல்லாம் போட்டுப் பார்த்தேன், சாயங்காலம் அம்மா பூஜையில் வைத்துவிட்டார், அதற்குப் பிறகு தொடவே இல்லை என்றான் முருகேசன்.

"நல்ல வேளைங்க. இப்படிச் சத்தம் வர்றப்ப ஓட்ட ஓட்ட உள்ள இருக்கற தட்டையே கீறிப் போட்டுரும். அப்பறம் யாராலயும் எடுக்க முடியாது. நீங்க விடாமப் போட்டிருந்தா நான் திருப்பிக் குடுத்து அனுப்பியிருப்பேன்."

முருகேசன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்து செய்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன். ஆனால் என் சொந்தங்களே, உள்ளே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எனக்குத் தெரியாது. இவனுக்கும் தெரியாது. சரஸ்வதிக்குத் தெரிந்திருக்கிறது. தொடாதே என்று அவள் போட்ட விதிதான் அந்த மனுஷன் முகத்தைக் காத்தது. நான் சோற்றுக்காக வயரைப் பிடுங்கினேன். அவள் அதை வேறு எதற்கோ வைத்துக்கொண்டாள்.

போன் வரும்வரை காத்திருந்தது தனிக் கொடுமை. ஒருநாள் வந்தது. மறுபடி பஸ் ஏறினோம். எல்லாம் வரவில்லை என்றாள் அந்தப் பெண். வீடியோ முழுக்கப் போய்விட்டது. சில படங்களில் பாதிக்குக் கீழே சாம்பல் பூசின மாதிரி இருந்தது. திறந்ததும் முதலில் வந்த படம் எது தெரியுமா? பந்தியில் நான். வாய் நிறைய லட்டு. இத்தனை பூஜை, இத்தனை அழுகை, சாமி முதலில் திருப்பிக் கொடுத்தது என் லட்டைத்தான்.

முருகேசன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான். ரங்கசாமி வரவில்லை. முதுகு வந்தது. துண்டு வந்தது. தாரை வார்க்கும்போது குனிந்த தலை வந்தது. கடைசிப் படங்களில் ஒன்றில் வந்தார்.

அந்த நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மகளை அனுப்பும் முன் கேமராவுக்கு மறைந்து தூணோரம் நின்றிருந்தார். நான் அவர் தோளைத் தொட்டு, "ஏன் தம்பி, பொண்ணக் கட்டிக்குடுத்தது நீ, மருமவன் ஊட்டுக்குப் போறதும் நீயா? பொண்ணுக்கு முன்னால உனக்குக் கண்ணீர் வருது" என்றேன். போக்கா என்று கையை ஓங்கிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது. அந்தச் சிரிப்பு. முத்திரை இல்லாத முழு முகம்.

முருகேசன் அழுதான். கடைக்காரப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேலை இருப்பது போல உள்ளே போய்விட்டாள்.

நடந்ததையெல்லாம் தேன்மொழியிடம் சொன்னோம். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பா சிரிச்சா இந்தப் பல்லு தெரியுமுங்கத்தை, எனக்கு மறந்தே போச்சு" என்றாள். ஐப்பசியில் கட்டுச்சோற்றுக்கு அப்பா முன்னால் இருந்தார். முதல் கவளத்தை அவருக்குக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

மார்கழியில் குழந்தை பிறந்தது. பெண். பல்லி சொல்லியிருந்தால் பலித்திருக்கும், சொன்னது கம்ப்யூட்டர்.

போன விஜயதசமிக்கு என் வேண்டுதலை நிறைவேற்றினேன். முதல் எழுத்து எழுத வந்த மூக்கொழுகும் குழந்தைகள் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவன் அழுதான், என்னைப் பார்த்துப் பயந்தா, எழுத்துக்குப் பயந்தா என்று தெரியவில்லை. கவிதாதான் என் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்தாள். மாமியார் கையை அத்தனை இறுக்கமாகப் பிடிக்க அவளுக்கு வேறு சந்தர்ப்பம் வராது. எழுத மறந்திருந்த என் பெயரை இன்று நானே எழுதுவேன். தினமும் விளக்கேற்றும்போது சரஸ்வதியிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுவதில்லை. முருகேசனும் மாறிவிட்டான். எல்லாப் படத்தையும் இரண்டு இடத்தில் வைக்கிறான், ஒன்று பூஜை அலமாரியில்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது உடைந்திருக்கலாம். மெஷினோ, உடம்போ, மனசோ. மறுபடி மறுபடி நோண்டாதீர்கள். அவள் முன்னால் வைத்துவிட்டு, எழுந்து போய்ச் சாப்பிடுங்கள். எடுக்க வேண்டிய நாளை அவள் காட்டுவாள், போக வேண்டிய இடத்தையும் காட்டுவாள். எனக்குக் காட்டினாள்.

நம்பாதவர்கள் தேன்மொழி வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ரங்கசாமி மாலைக்குள் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தப் படத்திலிருந்து என்னை வெட்டி எடுக்கச் சொன்னார்கள். முருகேசன் எவ்வளவோ பார்த்தான். வளையல் போட்ட என் கை மட்டும் அவர் தோளை விட்டு வரவில்லை. அப்படியே மாட்டிவிட்டார்கள்.