கம்ப்யூட்டர் பண்ண தப்பு

மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் கடை. எங்கள் கடை என்றால் பாதி என்னுடையது, பாதி வேதசிரோமணியுடையது. வாசல் பக்கம் என் ஜெராக்ஸ் மெஷின், உள்பக்கம் அவருடைய கம்ப்யூட்டர், நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்பு முகத்தை மறைக்குமே தவிர வாயை மறைக்காது. பதினோரு வருஷமாக அவர் பீற்றிக்கொள்வது முழுக்க என் காதில் விழுகிறது, நான் திட்டுவது முழுக்க அவர் காதில் விழுகிறது. என் பெயர் சித்திகா. ஆனால் கதை என்னைப் பற்றி இல்லை, அவரைப் பற்றி.

அவருடைய போர்டைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். ‘வேதா ஜாப் டைப்பிங், பிழையில்லா வேலை’ என்று இருக்கும். முதலில் பெயின்டர் அதைப் ‘பிலையில்லா வேலை’ என்று எழுதிவிட்டான். அன்று அந்த மனிதனை ஏணியை விட்டு இறங்கவே விடவில்லை சிரோமணி அண்ணன். திருத்தி முடிக்கும்வரை கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டைப்பிங் பரீட்சையில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டிலும் முதல் வகுப்பு வாங்கியவர். தப்பு என்ற சொல்லே தனக்குச் சம்பந்தமில்லாதது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஒன்றில் கம்ப்யூட்டர் வாங்கினார். பழைய டைப்ரைட்டரை எடைக்குப் போட்டுவிட்டு அந்த இடத்தில் யுபிஎஸ்ஸை வைத்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விரல் வலிக்காமல் வேலை நடக்கிறது என்று ஒரு வாரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என் மெஷின் சத்தத்தையும் மீறி அது கேட்டது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. டைப்ரைட்டருக்கு நேற்று வந்த ஆள் யாரென்று தெரியாது. வெள்ளைத் தாளைச் சொருகினால் முதல் எழுத்திலிருந்து அடித்தாக வேண்டும். கம்ப்யூட்டர் எல்லாரையும் உள்ளேயே வைத்துக்கொள்கிறது. அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். புதிதாக ஒருவர் பயோடேட்டா அடிக்க வந்தால், நேற்று வந்தவருடைய ஃபைலைத் திறப்பார். அந்தப் பெயரை அழித்து இந்தப் பெயர், அந்த அப்பாவை அழித்து இந்த அப்பா. பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். அழிக்க மறந்தது மட்டும் மறந்ததுதான், அது புது ஆளின் வாழ்க்கையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ‘உங்கள் கதையை அடுத்த ஆளுக்கு அளவுச் சட்டையாக வைத்துக்கொள்ளட்டுமா’ என்று நேற்று வந்தவரிடம் அவர் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

மேற்குத் தாம்பரத்திலிருந்து வேலைக்குப் போன அத்தனை பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு தபால்தலை சேகரிப்பு. தபால்தலையின் எந்தப் பக்கம் பசை என்றுகூட அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. யாரோ ஒரு புண்ணியவான் முதன்முதலில் உண்மையாகவே சேர்த்திருக்கிறான், அவன் பொழுதுபோக்கு முந்நூறு பேருக்கு ஒட்டிக்கொண்டது.

அதுவாவது போகட்டும். என் அக்கா மகன் அசாருக்குப் பெண் பார்த்தபோது கல்யாண பயோடேட்டா அடித்துக் கொடுத்தார். பெண் வீட்டிலிருந்து போன் வந்தது. “மாப்ளைக்கு நட்சத்திரம் உத்திராடம், செவ்வாய் தோஷம் இல்லைன்னு போட்டுகீது. அப்படின்னா இன்னாங்க?” எனக்கு மானம் போயிற்று.

தடுப்பைத் தட்டினேன். “இன்னாண்ணா பண்ணி வெச்சுகீற? துலுக்க வூட்டுப் புள்ளைக்கு உத்திராடமா?”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கம்ப்யூட்டர் பண்ணதும்மா. நான் சரியாத்தான் அடிச்சேன்.”

ஏழு வருஷமாக அவர் வாயில் இருந்த ஒரே பதில் இதுதான். சனங்களும் ஏற்றுக்கொண்டார்கள். ரேஷன் கார்டில் வயது மாறினாலும், டிக்கெட்டில் பெயர் மாறினாலும், அந்த நாட்களில் கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரு ஆள் கிடைத்துவிட்டது எல்லாருக்கும். கல்யாணம் என்னவோ நடந்துவிட்டது. அசார் பெண்டாட்டி இன்றைக்கும் கோபம் வந்தால் அவனை உத்திராடம் என்றுதான் கூப்பிடுகிறாள்.

இப்படி இருக்கும்போது, இரண்டாயிரத்து எட்டு டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை கோகிலவாணி வந்தாள். முடிச்சூர்ப் பெண், இன்ஜினியரிங் முடித்தவள். அப்பா பஸ் கண்டக்டர். மூன்று மாதத்துக்கு முன் எங்கள் கடையில் பயோடேட்டா அடித்துக்கொண்டு போய், சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை வாங்கியிருந்தாள். வேலை கிடைத்த அன்று எனக்கு மைசூர்பாகு கொடுத்தவள், இப்போது கையில் ஒரு கடிதத்தோடு நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

“அக்கா, நான் பொய் சர்டிஃபிகேட் பார்ட்டியாம். செவ்வாய்க்கிழமைக்குள்ள விளக்கம் குடுக்கலைன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களாம்.”

கம்பெனி சார்பில் யாரோ அவளுடைய பயோடேட்டாவில் உள்ள ஒவ்வொரு வரியையும் சரிபார்த்திருக்கிறார்கள். இரண்டாம் பக்கத்தில், திருமுடிவாக்கத்தில் ஒரு போல்ட் கம்பெனியில் பதினெட்டு மாதம் தரப் பரிசோதகராக வேலை செய்ததாக இருந்தது. போன் செய்து கேட்டால், அப்படி ஒரு பெண்ணை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை என்றார்களாம். கீழேயோ, ‘மேலே உள்ளவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்று இவள் கையெழுத்து. வேலை போவதோடு முடியாது. பொய் அனுபவம் காட்டினவர்கள் என்று அந்தக் கம்பெனிகள் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றனவாம். அதில் பெயர் ஏறினால் வேறு எவரும் வேலைக்கு எடுக்கமாட்டார்களாம்.

“நீ படிச்சுப் பாக்கலையாடி?”

“ரெண்டாவது பக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன் அக்கா.”

வேலைக்கு எடுத்தபோது அந்தக் கம்பெனியும் இரண்டாவது பக்கத்தைப் படிக்கவில்லை என்பது வேறு விஷயம். அந்த வருஷம் ஆட்களைக் குறைக்க வேண்டியிருந்தது, அதனால் இப்போது எல்லாப் பக்கத்தையும் படித்தார்கள்.

அண்ணன் எழுந்து வந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் காது சிவந்ததிலேயே தெரிந்தது. கோகிலாவுக்கு முந்தின நாள் வந்தவன் சக்திவேல். அந்த போல்ட் கம்பெனிக்காரன். ஆனாலும் பழக்கம் விடுமா? “இது கம்ப்யூட்டர் பண்ண...” என்று ஆரம்பித்தார்.

அந்தப் பெண் கத்தினாள். “அப்போ கம்ப்யூட்டரை என்கூட வரச் சொல்லுங்க சார்! அதுவே வந்து சொல்லட்டும். என் வேலை போகுது சார்!”

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணன் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கோகிலா அழுதுகொண்டே போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தடுப்பை எட்டிப் பார்த்துக் கத்தினேன். “போர்டைப் புடிச்சுக்கினு பத்து வருஷம் தொங்கினே. ஒரு பொண்ணு பொழப்புல மண்ணு உழுந்துகீது. இப்பவாச்சும் வாயைத் தொறந்து, தப்பு என்னுதுன்னு சொல்லுவியா மாட்டியா?” அவர் அன்றைக்கு முழுக்க ஒரு தாள்கூட அடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை கடையைத் திறக்கும்போதே வெள்ளைச் சட்டையில் நின்றார். “சித்திகாம்மா, நான் அந்த கம்பெனிக்குப் போறேன். நீயும் கூட வா. தனியா போனா பாதி வழியில எறங்கிடுவேன்னு பயமா இருக்கு” என்றார். பிறகு உட்கார்ந்து ஒரு மன்னிப்புக் கடிதம் அடித்தார், இங்கிலீஷில். நான்தான் இரண்டு பிரதி எடுத்தேன். படிக்கவில்லை. ஜெராக்ஸ் எடுக்கும் தாளைப் படிப்பது என் வழக்கமில்லை. படித்தால் ஊர் ரகசியம் மொத்தமும் என் வயிற்றில் தங்கிவிடும்.

மேடவாக்கத்தில் இரண்டு தண்ணி லாரி எதிரும் புதிருமாக நின்றதில் பஸ் முக்கால் மணி நேரம் நகரவில்லை. அண்ணன் சட்டைப்பையில் இருந்த கடிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “இங்கயே எறங்கிடலாமாம்மா?” என்று இரண்டு தடவை கேட்டார். ஜன்னல் பக்கம் அவரைத் தள்ளிவிட்டு, வழியை அடைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

காலையிலேயே போனில் சொல்லியிருந்ததால் கம்பெனி வாசலில் கோகிலா காத்திருந்தாள். எங்கள் கழுத்தில் ‘விசிட்டர்’ என்று அட்டை மாட்டி உள்ளே அனுப்பினார்கள். ஏசி குளிரில் எனக்குப் பல் கிட்டியது. ஹெச்ஆர் மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

“சார், இவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. சட்டப்படி ஒவ்வொரு வார்த்தைக்கும் இவங்கதான் பொறுப்பு. டைப் பண்ணவர் தப்புன்னு யார் வேணாலும் ஒரு ஆளைக் கூட்டிட்டு வரலாம். நான் எப்படி நம்பறது?”

அண்ணன் கடிதத்தை நீட்டினார். மேடம் படித்தார். பாதி வரை முகம் மாறவில்லை. கடைசிக்கு வந்ததும் புருவம் ஏறியது. மறுபடி ஒருமுறை மேலிருந்து படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“சார், முதல் பாரா புரியுது. தப்பு உங்களோடதுன்னு எழுதியிருக்கீங்க. ஆனா கடைசியில, ‘வீட்டில் ஆளே இல்லாதபோதும் அதிவேகமாக ஓடுகிறது, உடனே கழற்றி எடுத்துக்கொண்டு வேறு மாற்றித் தரவும்’னு இருக்கே. எதை மாத்தணும்? கோகிலவாணியையா?”

எனக்குத் தலை சுற்றியது. வெள்ளிக்கிழமைதான் பக்கத்துத் தெரு சுப்பராயலு தன் வீட்டுக் கரன்ட் மீட்டர் பற்றி மின்சார வாரியத்துக்கு ஒரு மனு அடித்துக்கொண்டு போயிருந்தார். அந்த ஃபைலைத் திறந்து, அதன் தலையில் மன்னிப்பை அடித்திருக்கிறார் இந்த மனிதர்!

அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். காதிலிருந்து கழுத்துவரை சிவந்தது. வாயைத் திறந்து, “கம்ப்யூ...” என்றார். அதோடு நின்றது. எதிரில் கோகிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று மட்டும் காத்திருந்தாள்.

“நான்தாம்மா” என்றார் அண்ணன். குரல் உடைந்துவிட்டது. “இதுவும் நான்தான், அதுவும் நான்தான். பழைய ஃபைலைத் தொறந்து, பேரை மட்டும் மாத்தி அடிப்பேன். எல்லாருக்கும் அப்படித்தான் அடிச்சேன். கேட்டா கம்ப்யூட்டர் மேல போட்டுருவேன். கம்ப்யூட்டர் ஒண்ணும் பண்ணலை. இந்தப் பொண்ணும் ஒண்ணும் பண்ணலை.”

எனக்கும் கண் கலங்கியது. ஏழு வருஷமாக அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் காத்திருந்த வார்த்தை அது. வந்தபோது பாவமாகத்தான் இருந்தது.

மேடம் அங்கேயே போனை எடுத்தார். திருமுடிவாக்கத்துக்குப் பேசி, அதே பதினெட்டு மாதம் சக்திவேல் என்று யாராவது இருந்தாரா என்று கேட்டார். இருந்தார் என்றார்கள். தேதியும் அப்படியே பொருந்தியது. போனை வைத்துவிட்டு மறுபடி அந்த மீட்டர் பாராவைப் பார்த்தார். அதற்கு மேல் அடக்க முடியாமல் மேஜையில் கவிழ்ந்து சிரித்தார். “நீங்க வேற ப்ரூஃபே கொண்டு வர வேண்டாம் சார். இந்த லெட்டர் ஒண்ணு போதும். இதை அப்படியே ஃபைல்ல வெச்சுடறேன்.” கோகிலாவிடம் திரும்பி, “இனிமே படிக்காம கையெழுத்துப் போடாதீங்க” என்று சிரிப்பை நிறுத்திச் சொன்னார். அவள் தலையைத் தலையை ஆட்டினாள்.

மறுநாள் அண்ணன் போர்டில் ‘பிழையில்லா வேலை’ என்ற இடத்தின் மேல் ஒரு தாளை ஒட்டினார். ‘கையெழுத்துப் போடும் முன் எல்லாப் பக்கத்தையும் படிக்கவும்’ என்று இருந்தது. லேமினேஷன் நான் செய்து கொடுத்தேன். அதற்கு முன் ஒருமுறைக்கு நான்குமுறை படித்துப் பார்த்தேன்.

அந்த வாரமே கோகிலா மறுபடி மைசூர்பாகோடு வந்தாள். வேலை உறுதி என்று கம்பெனி கொடுத்த கடிதத்தைத் தடுப்புக்கு மேலே நீட்டினாள். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். இப்போதெல்லாம் எதையும் மெதுவாகத்தான் படிக்கிறார்.

“இதுல ‘டியர் மிஸ்டர் சிட்டிபாபு’ன்னு இருக்கேம்மா. யாரு சிட்டிபாபு?”

கோகிலா கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். படிக்காமலே கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருக்கிறாள், கழுதை! பதறிப்போய் ஆபீசுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் யாரோ ஒரு பையன் அலட்டிக்கொள்ளாமல் பேசினான். “அது ஒண்ணும் இல்ல மேடம். சிஸ்டம் எரர். தானா அப்படி வந்திருக்கும்.”

அண்ணன் தடுப்புக்கு மேலே கையை நீட்டி செல்போனை வாங்கினார்.

“தம்பி, சிஸ்டம் தானா ஒண்ணும் பண்ணாது. சிட்டிபாபுக்கு அடிச்ச லெட்டரைத் தொறந்து, பேரை மாத்தாம விட்டிருக்கே. ஏழு வருஷம் நான் பண்ண வேலை இது. எனக்குத் தெரியாதா?”

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “சாரி சார். என் தப்புதான்” என்றான்.

“அப்படிச் சொல்லு. சொன்னா உயிர் ஒண்ணும் போயிடாது” என்றார் அண்ணன். “இது தெரிய எனக்கே ஏழு வருஷம் ஆச்சு.”